பிரஷர் ஜீனிலேயே இருக்கிறது என்றால் உப்பைக் குறைத்து என்ன பயன்?

வாசகர் கடிதத்தின் சுருக்கம்: வயது 34. உட்கார்ந்தே செய்யும் வேலை. உயரம் 170 செ.மீ., எடை 86 கிலோ. ஆறு மாதத்துக்கு முன் அலுவலக மருத்துவப் பரிசோதனையில் பிரஷர் 148/94 என்று சொன்னார்கள். அதன்பின் வீட்டிலேயே மெஷின் வாங்கி, இரவுச் சாப்பாடு முடிந்து சோபாவில் உட்கார்ந்து, கையை மடியில் வைத்துப் பார்க்கிறார். பெரும்பாலும் 142/91-ஐ ஒட்டி வருகிறது. அம்மா, அப்பா இருவருக்கும் பிரஷர் உண்டு. எச்சில் மாதிரியை அனுப்பிச் செய்யும் மரபணுச் சோதனை ஒன்றையும் செய்து பார்த்திருக்கிறார். ஏ.சி.இ. மரபணுவில் டி/டி வகை, ஏ.ஜி.டி. மரபணுவில் 'ஆபத்து வகை' இரண்டு பிரதி, எம்.டி.எச்.எஃப்.ஆர். மரபணுவில் மாற்று வகை ஒரு பிரதி என்று அறிக்கை வந்திருக்கிறது. மேலே சிவப்பு எழுத்தில் 'உயர் ஆபத்து'. 'இது தலையெழுத்து என்றால் உப்பைக் குறைப்பதில் அர்த்தம் உண்டா? மரபணுவை அணைத்துவிடும் என்று நண்பர் சொல்லும் மெத்தில் ஃபோலேட் கேப்சூலைச் சாப்பிடலாமா? அதே பெற்றோருக்குப் பிறந்த தம்பிக்கு 29 வயதில் 118/76 இருப்பது எப்படி? மாத்திரை தொடங்கினால் ஆயுளுக்கும் விட முடியாதாமே? பிரஷருக்கு ஊசி வருகிறது என்று செய்தியில் பார்த்தேன், மரபணு சிகிச்சை வரும்வரை காத்திருக்கலாமா? ஆறு வயது மகளுக்கும் இந்தச் சோதனையைச் செய்துவிடவா?' என்று கேட்கிறார். கடிதத்தின் முடிவில், அப்பாவுக்கு 31 வயதிலேயே பிரஷர் வந்தது, இப்போது மூன்று மாத்திரை சாப்பிட்டும் 150-க்குக் கீழே இறங்குவதில்லை, ஒருமுறை பொட்டாசியம் 3.1 என்று வந்து சிரப் கொடுத்தார்கள், சித்தப்பா 38 வயதில் மூளை ரத்தக்கசிவில் இறந்துவிட்டார் என்று எழுதியிருக்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தில் மரபணு அறிக்கைக்கு இரண்டு பக்கம். அப்பாவின் பொட்டாசியத்துக்கும் சித்தப்பாவின் மரணத்துக்கும் சேர்த்து இரண்டு வரி. என் பதிலில் இந்தக் கணக்கு தலைகீழாக இருக்கும். அதற்கு முன் உங்கள் மெஷினைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

142/91 உங்கள் உண்மையான அளவா?

முழுக்க நம்ப முடியாது. கையை மேசைமேல், இதய மட்டத்தில் வைக்காமல் மடியில் வைத்தாலே மேல் அளவு சுமார் 4 மி.மீ. கூடுதலாகக் காட்டும், பக்கவாட்டில் தொங்கவிட்டால் 6 அல்லது 7 வரை போகும். சோபாவில் முதுகுக்குச் சரியான பிடிமானமும் இருக்காது. இன்னொன்று, கையில் சுற்றும் பட்டை. மெஷினோடு வரும் சாதாரணப் பட்டை பெரும்பாலும் 22 முதல் 32 செ.மீ. சுற்றளவுள்ள கைக்குத்தான். உங்கள் எடையைப் பார்த்தால் மேல்கை அதைவிடப் பருமனாக இருக்க வாய்ப்பு உண்டு. தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் டேப் வைத்து அளந்து பாருங்கள். பெரிய பட்டை வேண்டிய கையில் சாதாரணப் பட்டையைச் சுற்றினால் 5 மி.மீ. வரை கூடும், மிகப் பெரியது வேண்டிய கையென்றால் 20 மி.மீ. வரைகூடத் தப்பாகக் காட்டும்.

ஆகவே ஒரு வாரம் இப்படிப் பாருங்கள். காலையில் எழுந்து சிறுநீர் கழித்த பின், காபி, சாப்பாட்டுக்கு முன். மாலையிலோ இரவிலோ சாப்பாட்டுக்கு முன். முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் பட, கால்மேல் கால் போடாமல் 5 நிமிடம் பேசாமல் இருங்கள். பட்டை வெறும் தோலில் சுற்றியிருக்க வேண்டும், சட்டைக்கு மேல் அல்ல. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுத்து இரண்டையும் எழுதுங்கள். பிடிக்காத எண்ணை அழித்துவிட்டு மூன்றாவது முறை பார்ப்பது பலருக்கும் வழக்கம், அது வேண்டாம். முதல் நாளை விட்டுவிட்டு மற்ற ஆறு நாளின் சராசரியைப் போடுங்கள். வீட்டு அளவில் 135/85 அல்லது அதற்கு மேல் என்றால் உயர் ரத்த அழுத்தம். மருத்துவமனையில் 140/90 எல்லை என்றால் வீட்டில் ஏன் குறைவு என்று கேட்பார்கள். வீட்டில் பதற்றம் குறைவு, அளவும் சற்றுத் தாழ்ந்தே வரும், அதனால் எல்லையும் தாழ்வு.

சராசரி 130-க்குள் வந்தாலும் மேற்கொண்டு படியுங்கள்.

அறிக்கையில் இருக்கும் அந்த மரபணுக்கள்

ஏ.சி.இ. டி/டி என்பதிலிருந்து தொடங்குவோம். ரத்தக்குழாயை இறுக்கும் ஹார்மோன் உருவாக உதவும் என்ஸைம்தான் ஏ.சி.இ. அந்த மரபணுவின் ஓர் இடத்தில் 287 எழுத்து நீளமுள்ள துண்டு ஒன்று சிலருக்கு இருக்கும், சிலருக்கு இருக்காது. அம்மாவிடமிருந்தும் அப்பாவிடமிருந்தும் வந்த இரண்டு பிரதியிலுமே அது இல்லாதவர் டி/டி. 1990-இல் இதைக் கண்டுபிடித்தபோது, ரத்தத்தில் ஏ.சி.இ. என்ஸைமின் அளவு ஆளுக்கு ஆள் வேறுபடுவதில் ஏறக்குறைய பாதியை இந்த ஒரே வித்தியாசம் விளக்கியது. உங்களுக்கு அந்த என்ஸைம் சற்றுக் கூடுதலாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கூடுதல், அழுத்தமாக மாறுகிறதா? பல பெரிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தும் நிலையான தொடர்பு கிடைக்கவில்லை. என்ஸைம் கூடினால், அந்த ஹார்மோன் தொடரைத் தொடங்கிவைக்கும் ரெனின் என்ற சிறுநீரகச் சுரப்பு குறைவது போன்ற எதிர்வினைகளால் உடல் அதை ஈடுகட்டிக்கொள்கிறது. ஏ.ஜி.டி. வகையும் அப்படித்தான். அதே ஹார்மோனுக்கு மூலப்பொருளான ஆஞ்சியோடென்சினோஜன் என்ற புரதம் கொஞ்சம் கூடும், அழுத்தத்தில் அதன் பங்கு மிகச் சிறியது. உலகின் பல மக்களிடையே பெரும்பான்மையோரிடம் இருப்பதே இந்த 'ஆபத்து வகை'தான்.

ரத்த அழுத்தத்தோடு தொடர்புள்ள மரபணு இடங்கள் ஒன்றிரண்டு அல்ல. 2018-இல் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் மரபணுத் தகவலைச் சேர்த்துப் பார்த்த ஆய்வோடு அந்த எண்ணிக்கை 901 ஆனது. 2024-இல் தனித்தனி மரபணு அடையாளங்கள் 2,000-ஐத் தாண்டிவிட்டன. ஒவ்வொன்றும் அழுத்தத்தை ஏற்றுவதோ இறக்குவதோ பெரும்பாலும் ஒரு மி.மீ.-க்கும் குறைவாகத்தான். ஆயிரக்கணக்கில் இரண்டு மூன்றை மட்டும் எடுத்துச் சிவப்பு எழுத்தில் அச்சடித்த தாளை வைத்து நீங்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அம்மா, அப்பா இருவருக்கும் பிரஷர் என்ற ஒரே தகவல் உங்கள் ஆபத்தை ஏறத்தாழ இரு மடங்காக்குகிறது. அப்பாவுக்கு 55 வயதுக்கு முன்பே வந்தது அதை இன்னும் கூட்டுகிறது. எச்சில் அனுப்பாமலே கிடைத்த இந்தத் தகவல் அறிக்கையைவிடக் கனமானது.

தம்பி பற்றிய கேள்விக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. உடன்பிறந்தவர்கள் சராசரியாகப் பாதி மரபணு வகைகளைத்தான் பகிர்ந்துகொள்கிறார்கள். ஏற்றும் வகைகள் உங்களுக்கு அதிகமாகவும் அவருக்குக் குறைவாகவும் வந்திருக்கலாம். தவிர, அவர் உங்களைவிட ஐந்து வயது இளையவர். ஆண்டுக்கு ஒருமுறையாவது அவர் பார்த்துக்கொள்ளட்டும்.

மரபணு எங்கே கை வைக்கிறது?

இரட்டையர்கள், குடும்பங்கள் பற்றிய ஆய்வுகள் ரத்த அழுத்த வேறுபாட்டில் 30 முதல் 50 சதவீதம் பரம்பரையால் என்கின்றன. 'என் பிரஷரில் பாதி ஜீன், பாதி நான்' என்று இதைப் பிரித்துக்கொள்வது தவறு. ஒரு கூட்டத்தில் ஆளுக்கு ஆள் இருக்கும் வித்தியாசத்தைப் பற்றிய கணக்கு அது. ஒருவர் உடம்புக்குள் இரண்டும் ஒரே இடத்தில்தான் வேலை செய்கின்றன. அந்த இடம், பெரும்பாலும், சிறுநீரகம்.

சிறுநீரகங்கள் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டுகின்றன. அதில் கரைந்திருக்கும் உப்பைக் கணக்கிட்டால் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. அத்தனையும் ரத்தத்துக்குத் திரும்பி உறிஞ்சப்பட்டு, நாம் சாப்பிட்ட அளவுக்கான சில கிராம் மட்டும் சிறுநீரில் வெளியேறுகிறது. திரும்பி உறிஞ்சுவதில் அரை சதவீதம் கூடினாலே ஏழு கிராம் உப்பு உள்ளே தங்கப் பார்க்கும். அதை வெளியே தள்ள உடல் கையாளும் வழி, அழுத்தத்தை ஏற்றுவது. கடைசிச் சில சதவீத உப்பை உறிஞ்சும் வாயில்களைத் திறந்து மூடுவது ஆல்டோஸ்டிரோன் என்ற அட்ரீனல் சுரப்பி ஹார்மோன்.

மரபணுவின் இயக்கம் கூடுவதும் குறைவதுமான மரபணு ஒழுங்குமுறை இந்த இடத்தில்தான் கண்ணுக்கு நேராக நடக்கிறது. ஆல்டோஸ்டிரோன் சிறுநீரகச் செல்லுக்குள் நுழைந்து, தன்னைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி என்ற புரதத்தோடு சேர்ந்து, செல்லின் உட்கருவுக்குள் போய், சில மரபணுக்களை இயக்கிவிடுகிறது. அவற்றிலிருந்து உருவாகும் புரதங்கள் சோடியம் வாயில்களைக் கூட்டுகின்றன, இருக்கும் வாயில்கள் சீக்கிரம் அகற்றப்படாமல் காக்கின்றன. சோடியம் உள்ளே வருகிறது, பதிலுக்குப் பொட்டாசியம் வெளியே போகிறது. நீங்கள் உப்பு அதிகம் சாப்பிடும் நாளில் ஆல்டோஸ்டிரோன் குறைந்து இந்த மரபணுக்கள் அடங்க வேண்டும். குறைவாகச் சாப்பிடும் நாளில் அது கூடும். மரபணுவின் எழுத்து மாறுவதே இல்லை. அது எவ்வளவு வேலை செய்கிறது என்பது நாளுக்கு நாள் மாறிக்கொண்டிருக்கிறது. ஸ்பைரோனோலாக்டோன் என்ற பழைய மாத்திரை அந்த ஏற்பியை அடைத்து இந்த இயக்கத்தையே தடுக்கிறது. மரபணு சிகிச்சை எப்போது வரும் என்று கேட்கிறீர்கள். மரபணு இயக்கத்தை மாற்றும் மாத்திரை பல பத்தாண்டுகளாகவே மருந்துக்கடையில் இருக்கிறது.

மேலே சொன்ன நூற்றுக்கணக்கான இடங்களில் மிகப் பெரும்பாலானவை புரதத்தின் அமைப்பைக் குறிக்கும் பகுதியில் இல்லை. எந்த மரபணு, எந்தத் திசுவில், எவ்வளவு இயங்க வேண்டும் என்று தீர்மானிக்கும் பகுதிகளில் இருக்கின்றன. யூரோமாடுலின் என்ற சிறுநீரகப் புரதம் நல்ல உதாரணம். அதன் மரபணுவின் தொடக்கப் பகுதியில் பரவலாகக் காணப்படும் ஒரு வகை, புரதத்தின் அளவை மட்டும் கூட்டுகிறது. உப்பு உறிஞ்சுதல் கூடுகிறது. கோர்டன் நோய்க்குறி என்ற அரிய பரம்பரை பிரஷரில், சில குடும்பங்களில் டபிள்யூ.என்.கே.1 மரபணுவுக்குள் புரதத்துக்குப் பயன்படாத ஒரு பகுதி கழன்றுபோயிருக்கிறது. புரதம் அப்பழுக்கில்லாதது, உருவாகும் அளவு மட்டும் பல மடங்கு. சிறுநீரில் உப்பை வெளியேற்றும் தயசைடு என்ற நீர்மாத்திரை குறைந்த அளவில் கொடுத்தாலே அந்தக் குடும்பங்களின் பிரஷர் இறங்கிவிடுகிறது.

அப்பாவும் சித்தப்பாவும்

உங்கள் அம்மாவின் பிரஷர் எந்த வயதில் வந்தது என்று நீங்கள் எழுதவில்லை. அப்பா பக்கத்தில் மட்டும் நான்கு விஷயங்கள் சேர்ந்திருக்கின்றன: 31 வயதில் தொடக்கம், மூன்று மாத்திரைக்கும் அடங்காத அளவு, பொட்டாசியம் 3.1, சித்தப்பாவுக்கு 38 வயதில் மூளை ரத்தக்கசிவு. பொட்டாசியத்தின் வழக்கமான கீழ் எல்லை 3.5. இந்த நான்கையும் ஒன்றாகப் பார்க்கும் எந்த மருத்துவரும் அடுத்து கேட்பது ஆல்டோஸ்டிரோன் அளவைத்தான்.

அட்ரீனல் சுரப்பி, உடலின் கட்டளையை மீறி ஆல்டோஸ்டிரோனைத் தானாகச் சுரந்துகொண்டிருப்பதற்கு முதன்மை ஆல்டோஸ்டிரோன் மிகை என்று பெயர். இது அரிய நோய் அல்ல. பிரஷர் உள்ளவர்களில் 5 முதல் 10 சதவீதம் பேருக்கு இருப்பதாக மதிப்பிடுகிறார்கள், மாத்திரைக்கு அடங்காதவர்களில் இன்னும் அதிகம். பெரும்பாலும் பரம்பரையாக வருவதில்லை. சுரப்பியில் தோன்றும் சிறு கட்டியாலோ, இரு பக்கச் சுரப்பியும் பெருப்பதாலோ வருகிறது. ஆனால் குடும்பத்தில் இறங்கும் ஒரு வகை உண்டு, உங்கள் கடிதத்தைப் படித்ததும் நினைவுக்கு வந்தது அதுதான்.

எட்டாவது குரோமோசோமில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மரபணுக்கள் இருக்கின்றன. ஒன்று கார்ட்டிசால் தயாரிப்புக்கு, மற்றது ஆல்டோஸ்டிரோனுக்கு. எழுத்தளவில் 95 சதவீதம் ஒரே மாதிரி. முதலாவதை ஆள்வது மூளையடிச் சுரப்பியிலிருந்து வரும் ஏ.சி.டி.எச். ஹார்மோன், இரண்டாவதை முக்கியமாக ஆள்வது ரெனின் தொடரும் பொட்டாசியமும். விந்தணுவோ கருமுட்டையோ உருவாகும்போது இந்த இரண்டும் தவறாக ஒட்டிக்கொண்டால், முதலாவதின் இயக்கும் பகுதியோடு இரண்டாவதின் உடல் இணைந்த கலப்பு மரபணு ஒன்று பிறக்கிறது. இனி ஆல்டோஸ்டிரோன், உப்பு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்காமல், ஏ.சி.டி.எச். சொல்லும்போதெல்லாம் சுரக்கும். 1992-இல் இதைக் கண்டுபிடித்தார்கள். இந்தக் குடும்பங்களில் இளம் வயதிலேயே மூளை ரத்தக்கசிவு வருவது தெரிந்த ஆபத்து. மிகக் குறைந்த அளவு ஸ்டீராய்டு மாத்திரை ஏ.சி.டி.எச்.-ஐ அடக்க, ஆல்டோஸ்டிரோனும் அடங்கிவிடும். நீங்கள் வாங்கிய எச்சில் சோதனை தனித்தனி எழுத்து மாற்றங்களைத் தேடும் வகை. இப்படி இரண்டு மரபணு ஒட்டிக்கொண்டதை அது பார்ப்பதில்லை. இதற்கென்று தனிச் சோதனை உண்டு.

உங்கள் குடும்பத்தில் இது இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. இது அரிது, அப்பாவின் குறைந்த பொட்டாசியத்துக்கு வேறு காரணமும் இருக்கலாம். மூன்று மாத்திரையில் ஒன்று நீர்மாத்திரையாக இருந்தால் அதுவே பொட்டாசியத்தை இறக்கும். ஆனால் 'நீர்மாத்திரையால்தான்' என்று அதோடு விட்டுவிடுவதுதான் பல வருடம் நோய் தெரியாமல் போவதற்குக் காரணம். நீர்மாத்திரையால் பொட்டாசியம் இறங்குவதும் ஆல்டோஸ்டிரோனைச் சோதிக்க ஒரு காரணமே. சித்தப்பாவின் ரத்தக்கசிவும் வேறு காரணத்தால் நடந்திருக்கலாம். ஆயினும் 40 வயதுக்கு முன் பக்கவாதமோ மூளை ரத்தக்கசிவோ வந்த குடும்பத்தில் பிரஷர் உள்ளவர்களுக்கு இந்தச் சோதனை செய்ய வேண்டும் என்பது எழுதப்பட்ட மருத்துவ வழிகாட்டுதல்.

யாரை முதலில் சோதிப்பது? நோய் தெளிவாக இருப்பவரை, அதாவது அப்பாவை. அவரிடம் தெளிவாகக் கிடைக்கும் விடை உங்களுக்கும் தம்பிக்கும் சேர்த்துப் பயன்படும். உங்கள் வீட்டு சராசரி 135/85-க்கு மேல் என்றால் நீங்களும் கூடவே செய்துகொள்ளுங்கள். மாத்திரை எதுவும் தொடங்காத இப்போதுதான் உங்களுக்கு இதற்குச் சரியான நேரம்.

ரத்தம் கொடுக்கும்போது கவனிக்க வேண்டியவை

கேட்க வேண்டியது ஆல்டோஸ்டிரோன், ரெனின் இரண்டும், இரண்டுக்கும் உள்ள விகிதமும். காலையில் எழுந்து இரண்டு மணி நேரமாவது நடமாடிய பின், 5 முதல் 15 நிமிடம் உட்கார்ந்திருந்துவிட்டுக் கொடுக்க வேண்டும். சோதனைக்காக உப்பைக் குறைத்துவிட்டுப் போகாதீர்கள். உப்புக் குறைந்தால் ரெனின் ஏறி நோய் மறைந்துவிடும். பொட்டாசியம் குறைவாக இருந்தால் அதை முதலில் சரிசெய்ய வேண்டும், ஏனென்றால் பொட்டாசியக் குறைவு ஆல்டோஸ்டிரோனை இறக்கிக் காட்டும். ஊசி போடும்போது கையை இறுக்கி இறுக்கி மூடித் திறக்கச் சொல்வது பல லேப்களில் பழக்கம். அப்படிச் செய்தால் தசையிலிருந்து பொட்டாசியம் கசிந்து அளவு கூடித் தெரியும், 3.2 இருப்பவருக்கு 3.7 என்று வந்து 'நார்மல்' ஆகிவிடலாம். கையைத் தளர்வாக வைத்திருப்பேன் என்று சொல்லிவிடுங்கள்.

அப்பாவின் மாத்திரைகள் முடிவைப் புரட்டக்கூடியவை. இதயத் துடிப்பைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை ரெனினைத் தாழ்த்தி, இல்லாத நோயைக் காட்டும். நீர்மாத்திரையும், பெயர் '-பிரில்', '-சார்ட்டன்' என்று முடியும் மருந்துகளும் ரெனினை ஏற்றி, இருக்கும் நோயை மறைக்கும். ஸ்பைரோனோலாக்டோன் என்றால் பொதுவாக நான்கு வாரம் நிறுத்தி வைக்க வேண்டியிருக்கும். இதைப் படித்துவிட்டு அவராக எதையும் நிறுத்தக் கூடாது. 150-க்கு இறங்காதவர் மாத்திரையை விட்டால் என்ன ஆகும் என்பது சித்தப்பாவை இழந்த குடும்பத்துக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பல நேரங்களில் மருந்தோடே சோதித்து, அதற்கேற்ப முடிவைப் படிக்க முடியும். அது நாளமில்லாச் சுரப்பி மருத்துவரின் வேலை.

வீட்டில் யாராவது அதிமதுரம் தொடர்ந்து சாப்பிடுகிறார்களா என்றும் பாருங்கள். அது சிறுநீரகத்தில் ஓர் என்ஸைமைத் தடுத்து, ஆல்டோஸ்டிரோன் கூடியது போலவே பிரஷரை ஏற்றிப் பொட்டாசியத்தை இறக்கும். வலி மாத்திரைகள், மூக்கடைப்பு மாத்திரைகளும் பிரஷரை ஏற்றும். நீங்கள் பலமாகக் குறட்டை விடுகிறீர்களா, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று உங்கள் மனைவியிடம் கேளுங்கள். இந்த எடையில் அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

உப்பு, எடை, மாத்திரை

ஆல்டோஸ்டிரோன் சோதனை முடிந்த மறுநாளே உப்பைக் குறைக்கத் தொடங்குங்கள். 'ஜீன் இருந்தால் பயனில்லை' என்பது நேர்மாறான முடிவு. பிரிட்டனில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோரை மரபணு ஆபத்து வாரியாக மூன்றாகப் பிரித்துப் பார்த்த 2018 ஆய்வில், நல்ல பழக்கங்கள் உள்ளவர்களின் மேல் அளவு மூன்று பிரிவிலும் ஏறக்குறைய 4 முதல் 5 மி.மீ. குறைவாக இருந்தது. மரபணு ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு இந்தப் பலன் மறுக்கப்படவில்லை.

நாளுக்கு 5 கிராமுக்குள் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு, ஒரு தேக்கரண்டி. பொட்டலங்களில் சோடியம் என்று மில்லிகிராமில் எழுதியிருப்பதை 2.5-ஆல் பெருக்கினால் உப்பு வரும்: 100 கிராமில் 600 மி.கி. சோடியம் என்றால் ஒன்றரைக் கிராம் உப்பு, அது அதிகம். பிரஷர் உள்ளவர்கள் நாலைந்து கிராம் உப்பைக் குறைத்தால் மேல் அளவு சராசரியாக 5 மி.மீ. இறங்குகிறது. எடையில் ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு மி.மீ.; எட்டுக் கிலோ குறைப்பது உங்களுக்கு எட்டக்கூடிய இலக்கு. வாரம் 150 நிமிடம் வேகமான நடை. பொட்டாசியம் கலந்த மாற்று உப்பு நல்லதுதான், பெரிய ஆய்வில் பக்கவாதத்தைக் குறைத்திருக்கிறது. ஆனால் உங்கள் பொட்டாசியமும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினும் தெரிந்த பிறகே. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் ஸ்பைரோனோலாக்டோன், '-பிரில்', '-சார்ட்டன்' மருந்து எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது.

மூன்று மாதத்தில் வீட்டு சராசரி எல்லைக்குள் வரவில்லை என்றால் மாத்திரையைத் தள்ளிப்போடாதீர்கள். ஒரு மாத்திரை வழக்கமான அளவில் மேல் எண்ணைச் சுமார் 9 மி.மீ., கீழ் எண்ணை 5 மி.மீ. குறைக்கும். அதற்கு யாரும் அடிமையாவதில்லை. விட முடியாமல் போவது பிரஷருக்கான காரணம் அப்படியே இருப்பதால்தான். எடை இறங்கி அளவும் இறங்கினால் மாத்திரையைக் குறைப்பதும் நடக்கிறது. எந்த மாத்திரை யாருக்கு ஒத்துப்போகும் என்று மரபணுவை வைத்துத் தேர்ந்தெடுக்கும் நிலை அன்றாட சிகிச்சையில் இன்னும் வரவில்லை. அறிக்கையில் டி/டி என்று இருப்பதால், ஏ.சி.இ. என்ஸைமைத் தடுக்கும் '-பிரில்' மருந்துதான் வேண்டும் என்று கேட்க வேண்டாம்.

கேப்சூலும் ஊசியும்

மரபணுவின்மேல் மெத்தில் என்ற வேதிக் குறிகள் ஒட்டி அதன் இயக்கத்தைக் கூட்டிக் குறைப்பது உண்மை. அதிலிருந்து 'மெத்தில் சாப்பிட்டால் பிரஷர் மரபணு அணைந்துவிடும்' என்று தாவுவது கற்பனை. விழுங்கிய ஃபோலேட்டுக்கு எந்தத் திசுவில் எந்த மரபணுவை அணைக்க வேண்டும் என்று தெரியாது. ரத்தத்தில் பார்க்கும் மெத்தில் குறிகள் சிறுநீரகச் செல்லில் என்ன நடக்கிறது என்று சொல்வதும் இல்லை. எம்.டி.எச்.எஃப்.ஆர். பற்றி ஒரு சுவாரசியமான உண்மை மட்டும் உண்டு: அதன் 677-ஆம் இட மாற்று வகையை இரண்டு பிரதியிலும் கொண்டவர்களுக்கு, நாளுக்கு 1.6 மி.கி. ரைபோஃப்ளேவின், அதாவது வைட்டமின் பி2, பிரஷரை இறக்கியதாக வட அயர்லாந்து ஆய்வாளர்களின் சிறு ஆய்வுகள் காட்டின. அதுவும் ஃபோலேட் அல்ல. உங்களுக்கு இருப்பதும் ஒரு பிரதிதான். கேப்சூலை விட்டுவிடுங்கள்.

நீங்கள் செய்தியில் பார்த்த ஊசி, மரபணுவைத் திருத்துவது அல்ல. கல்லீரலில் ஆஞ்சியோடென்சினோஜன் மரபணுவிலிருந்து புறப்படும் ஆர்.என்.ஏ. செய்தியை அழித்து, அந்தப் புரதம் உருவாவதைக் குறைக்கிறது. ஒருமுறை போட்டால் ஆறு மாதம் வரை பிரஷர் இறங்கியிருப்பது மனிதர்களிடம் நடந்த ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. நல்ல வழிதான். ஆனால் அது வரும் என்று இன்று 142-ஐ வைத்துக்கொண்டு காத்திருப்பது ரத்தக்குழாய்களுக்குச் செய்யும் அநியாயம்.

மகளுக்கு என்ன செய்வது?

எச்சில் சோதனை வேண்டாம். உங்களுக்கே பயன்படாத தகவல் ஆறு வயதுக் குழந்தைக்கு எதற்கு? பெரியவளானபின் தன் மரபணுத் தகவல் யாரிடம் இருக்க வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமையும் அவளுடையது. சில நாடுகளில் காப்பீடு எடுக்கும்போது இப்படிப்பட்ட தகவலைக் கேட்கவும் செய்கிறார்கள். அப்பாவிடம் அந்தக் கலப்பு மரபணு உறுதியானால் மட்டும் கதை வேறு. அப்போது உங்களுக்கு இருக்க வாய்ப்பு 50 சதவீதம்; உங்களுக்கு இருந்தால் அவளுக்கும் 50 சதவீதம். குறிப்பிட்ட சிகிச்சை இருப்பதால் அந்த நிலையில் குழந்தைக்குச் சோதிப்பது நியாயம், மரபியல் ஆலோசகரோடு பேசிவிட்டு.

அதுவரை, குழந்தைக்கான சிறிய பட்டையோடு குழந்தை மருத்துவர் ஆண்டுக்கு ஒருமுறை அவள் பிரஷரைப் பார்த்தால் போதும். குழந்தைகளின் அளவை வயது, உயரத்தோடு ஒப்பிட்டுத்தான் படிப்பார்கள். உங்கள் மெஷினில் பார்த்து நீங்களாக முடிவு கட்ட வேண்டாம்.

மருத்துவரிடம் போகும்போது ஒரு வார அளவுக் குறிப்பு, அப்பாவின் மாத்திரைச் சீட்டு, பொட்டாசியம் 3.1 வந்த பழைய ரிப்போர்ட், சித்தப்பாவின் மருத்துவமனைத் தாள்கள் கிடைத்தால் அவை, இவற்றை எடுத்துப் போங்கள். பொட்டாசியம், கிரியாட்டினின், சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரில் ஆல்புமின், ஈ.சி.ஜி. ஆகியவையும் எழுதுவார்கள். இதற்கிடையில் உங்களுக்கோ அப்பாவுக்கோ 180/120-ஐத் தாண்டிக் காட்டினால் 5 நிமிடம் அமைதியாக இருந்து மறுபடி பாருங்கள். அப்போதும் இறங்காவிட்டால் அன்றைக்கே மருத்துவரை அழையுங்கள். அதோடு மார்புவலி, மூச்சுத்திணறல், இதுவரை வந்திராத கடும் தலைவலி, பார்வை மங்கல், பேச்சுக் குழறல், கை கால் பலவீனம் ஏதாவது இருந்தால் இரண்டாவது முறை அளந்துகொண்டிருக்காமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.